மாத்திரையில் டாம் ஆடிய ஆர்தர்

ஆர்தர் அண்ணன் பயந்தவர். சும்மா பயந்தவர் என்று சொன்னால் போதாது. பல்லி கத்தினால் போன காலைத் திருப்பி எடுத்து வைப்பார். துரையின் லேண்ட்ரோவர் மூன்று மைலுக்கு அப்பால் கியர் மாற்றினால் இங்கே இவருடைய சட்டைப் பொத்தான் தானாகப் பூட்டிக்கொள்ளும். மனைவி கேதரின் அக்கா தும்மினால் இவர் மன்னிப்புக் கேட்பார். மலேசியாவில் லூனாஸுக்கும் கூலிமுக்கும் நடுவில் இருந்த எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் அறுநூறு பேர் இருந்தோம். அறுநூறு பேருக்கும் பங்கு வைக்க வேண்டிய பயத்தைக் கடவுள் அவசரத்தில் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்பேர்ப்பட்டவருக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலை. டிரெசர் பரஞ்சோதி ஐயா நோயாளியைப் பார்த்துச் சீட்டு எழுதுவார். ஆர்தர் அண்ணன் மாத்திரையை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். புண்ணுக்கு மருந்து போடும்போது புண்ணுக்காரன் சும்மா இருப்பான், இவர்தான் 'ஸ்ஸ்' என்று பல்லைக் கடிப்பார்.

அவர் பயப்படாத இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டாம் ஆட்டப் பலகைக்கு முன்னால். பலகையைப் பார்த்தால் ஆள் மாறிவிடுவார். முதுகு நிமிரும், மூக்கு விரியும், என்னை 'வாடா' என்று கூப்பிடுவார்.

அந்தப் பலகை எங்கள் எல்லாருக்கும் மூத்தது. 1971இல் கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போனபோது பங்களா சாமான்களைப் புல்தரையில் பரப்பி விற்றார்கள். ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள், நாற்காலி, விளக்கு, மீன் கரண்டி என்று. ஆர்தர் அண்ணன் நாலு வெள்ளி கொடுத்து ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். உள்ளே பழைய ஆட்டச் சாமான்கள். பித்தளைக் கீல் வைத்து மடக்கும் கட்டப் பலகை, பாம்பும் ஏணியும் வரைந்த அட்டை, லூடோ, சதுரங்கம். எல்லாம் துரையின் தாத்தா காலத்துச் சாமான் என்று பங்களா சமையல்காரர் சொன்னாராம்.

வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்தால் எதுவுமே முழுசாக இல்லை. சதுரங்கத்தில் ராஜாவைக் காணோம். லூடோவில் தாயக்கட்டை இல்லை. பாம்பு அட்டையில் எழுபதுக்கு மேலே கரையான் தின்றுவிட்டது, ஜெயிக்க நினைத்தவன் எல்லாம் ஓட்டையில் விழுந்தான். டாம் காய்கள் இருபத்துநாலில் மிஞ்சியது ஐந்து. அந்த ஐந்திலும் துரையின் நாய்ப் பல் பதிந்திருந்தது.

காய் இல்லாவிட்டால் என்ன, பீர் மூடி இருக்கிறதே என்று நான்தான் யோசனை சொன்னேன். ஒரு பக்கம் பன்னிரண்டு பீர் மூடி, மறுபக்கம் பன்னிரண்டு ஆரஞ்சு மூடி. மூலைக்கு மூலை நகர்த்தி, எதிரியின் காயைத் தாண்டிக் குதித்து வெட்ட வேண்டும். எஸ்டேட்டில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த ஆட்டம்தான். ஆனால் ஆர்தர் அண்ணனோடு அதை முடிக்க முடியாது. அவர் ஜெயிக்கப் போகிற நேரம் பார்த்து வேலைச் சங்கு ஊதும், இல்லையென்றால் எவனாவது காலை வெட்டிக்கொண்டு வருவான், அதுவும் இல்லையென்றால் கேதரின் அக்கா வருவார். ஆறு வருஷத்தில் நாங்கள் ஆரம்பித்தது ஆயிரம் ஆட்டம். முடிந்தது நாலு. நாலிலும் நான் ஜெயித்தேன். அந்த வயிற்றெரிச்சலில் மனுஷன் பாதி எலும்பாகிவிட்டார்.

1977 அக்டோபரில் கூலிமிலிருந்து பெரிய டாக்டர் சோதனைக்கு வந்தார். மருந்து மேசையில் பீர் மூடிகளைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவர் கார் கேட்டைத் தாண்டுவதற்குள் பரஞ்சோதி ஐயா மூடிகளை அள்ளிக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டார். ஆர்தர் அண்ணன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கேதரின் அக்கா யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஜெபத்துக்குச் சொல்லிவிட்டார்.

நாலாம் நாள் விடியும்போதே மழை. மழை என்றால் மரம் வெட்டு இல்லை. பால் இல்லாவிட்டால் பால் லோரிக்கும் வேலை இல்லை, லோரியில் தொற்றிக்கொண்டு போகும் எனக்கும் வேலை இல்லை. பரஞ்சோதி ஐயா மருந்து எடுக்கக் கூலிம் போயிருந்தார், திரும்ப மத்தியானம் ஆகும். நான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மேசையில் பலகை விரிந்திருந்தது. ஆர்தர் அண்ணன் இரண்டு பழுப்பு பாட்டிலை இறக்கி வைத்துக்கொண்டு இதைப் பார்ப்பதும் அதைப் பார்ப்பதுமாக இருந்தார். இரண்டிலும் வெள்ளை மாத்திரை. ஒன்று காய்ச்சலுக்கு, இன்னொன்று வலிப்புக்கு.

"காய்ச்சல் மாத்திரைய ஐயா தினம் எண்ணுவாரு" என்றார். "இத எண்ண மாட்டாரு. இருளப்பன் ஒருத்தன்தான் இத சாப்புடுறான்."

வலிப்பு மாத்திரையில் பன்னிரண்டு எடுத்துத் தன் பக்கம் அடுக்கினார். ரத்தம் ஊறுகிற சிவப்பு மாத்திரையில் பன்னிரண்டு எனக்கு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும் என்றார். சுத்தமான மனுஷன்.

அப்படி ஓர் ஆட்டத்தை நான் அதற்கு முன்னாலும் பார்க்கவில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. என் சிவப்பை ஒவ்வொன்றாக வெட்டித் தள்ளினார். எனக்கு மிச்சம் மூன்று. அவருக்கு ஒன்பது. இன்னும் இரண்டே நகர்த்தல். கையைத் தேய்த்துக்கொண்டு குனிகிறார், வெளியே பரஞ்சோதி ஐயாவின் மோட்டார் சைக்கிள் சத்தம். மழைக்குப் பயந்து சீக்கிரமே திரும்பிவிட்டார்.

ஆர்தர் அண்ணன் முகத்தில் ரத்தம் இருந்த அடையாளமே இல்லை. சிவப்பை வாரி அதன் பாட்டிலில் கொட்டினார், வெள்ளையை மேசையில் தள்ளினார், பலகையை மடக்கிக்கொண்டு உள்ளே கட்டிலுக்கு அடியில் ஒளிக்க ஓடினார். ஓடிக்கொண்டே "வெள்ளைய நீ போடு" என்றார்.

என் முன்னால் இரண்டு பாட்டில். இரண்டிலும் ஆங்கில எழுத்து. எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டினால் வரும். ஆங்கிலம் எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி. ஆனால் லோரியில் ஆங்கிலத்தில் கணக்கு எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன் நான் என்று ஆர்தர் அண்ணனிடம் ஆறு வருஷமாக அளந்து வைத்திருந்தேன். இப்போது எந்த பாட்டில் என்று எப்படிக் கேட்பது? கைக்குப் பக்கத்தில் இருந்த பாட்டிலில் பன்னிரண்டையும் போட்டு மூடினேன்.

பரஞ்சோதி ஐயா தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வாசலில் முதல் ஆளாக ராக்காயி நின்றாள். வெட்டுக்காரி, நாற்பத்தைந்து வயதிருக்கும். ராத்திரியெல்லாம் காய்ச்சல், உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்றாள். ஐயா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார், என்றாலும் பன்னிரண்டு காய்ச்சல் மாத்திரை என்று எழுதினார். ஆர்தர் அண்ணன் பாட்டிலைச் சாய்த்துப் பன்னிரண்டு எண்ணி மடித்துக் கொடுத்தார். நடுக்கம் இன்னும் போகவில்லை, மாத்திரையைக் கவனிக்காமல் ஐயாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ராக்காயி போய்விட்டாள். அப்புறம் மழையில் வேறு யாரும் வரவில்லை.

இரண்டு மணிக்கு ஐயா சாப்பிடப் போனார். ஆர்தர் அண்ணன் பலகையைத் திரும்ப விரித்தார். எந்தக் காய் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று அவருக்கு மனப்பாடம். வலிப்பு பாட்டிலைத் திறந்தவர் நின்றுவிட்டார். அடியில் சொற்பம்தான் கிடந்தது.

"அம்மாசி, வெள்ளைய எதுல போட்ட?"

நான் காட்டினேன்.

அவர் காய்ச்சல் பாட்டிலை அப்படியே பலகைமேல் கவிழ்த்தார். இரண்டு மாத்திரையும் ஒரே பருமன்தான். வலிப்பு மாத்திரைக்கு மட்டும் நடுவில் உடைக்கக் கோடு உண்டு. கோடு போட்டது ஒன்றாவது இருக்கிறதா என்று விரலால் கிளறினார். ஒன்றுகூட இல்லை. நான் மேலே போட்ட பன்னிரண்டும் மேலேயிருந்தே ராக்காயியின் காகிதத்துக்குப் போய்விட்டன.

எனக்குச் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. அதைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். தூக்கம் வரும் என்றார். நிறைய சாப்பிட்டால்? அவர் செருப்பைத் தேடினார். இடது காலில் அவர் செருப்பு, வலது காலில் என் செருப்பு.

லயத்து வரிசையில் ராக்காயியின் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுச் செல்லாயி துணி பிழிந்துகொண்டிருந்தாள். ராக்காயி செமிலிங்குக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாளாம். காய்ச்சலோடு எப்படிப் போனாள் என்று ஆர்தர் அண்ணன் கேட்டார்.

செல்லாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அவளுக்கு ஏது காய்ச்சலு? காய்ச்சல் அவ மக மருதம்மாவோட புள்ளைக்குலா. அங்க கிளினிக்குல காசு கேக்குறானுங்க, இங்கன்னா சும்மா தானே. நீங்க போயி டிரெசர்கிட்ட சொல்லிறாதீங்க."

எஸ்டேட்டில் எல்லாரும் செய்வதுதான். வெளியே கட்டிக்கொடுத்த பிள்ளைக்கு உடம்புக்கு முடியாவிட்டால், தாய் இங்கே தனக்குக் காய்ச்சல் என்று சொல்லி மாத்திரை வாங்கிக் கொண்டுபோவாள். நானே என் தம்பிக்காக மூன்று தடவை இருமியிருக்கிறேன். ஆனால் மருதம்மாளின் மகனுக்கு மூன்று வயது.

ஆபீஸில் டெலிபோன் இருந்தது. ஆனால் யாருக்கு அடிப்பது? மருதம்மாள் வீட்டில் கரண்டே கிடையாது. நான் லோரி டிரைவர் மணியத்தின் ஹோண்டா மோட்டாரை வாங்கிக்கொண்டு வந்தேன். வழக்கமாக என் பின்னால் உட்கார மாட்டேன் என்று சத்தியம் பண்ணுகிறவர், நான் நிறுத்துவதற்கு முன்பே ஏறி உட்கார்ந்தார். மருந்து அறைக் கதவைக்கூடப் பூட்டவில்லை.

பாடாங் செராய் தாண்டும்வரை மழை ஊசி ஊசியாகக் குத்தியது. பின்னாலிருந்து 'அருள் நிறைந்த மரியே' கேட்டுக்கொண்டே வந்தது. வளைவு வந்தால் சத்தம் கூடும். மூடா ஆற்றுப் பாலத்தில் தண்ணீர் காபி நிறத்தில் மேலே ஏறியிருந்தது. அங்கே பார்த்து மோட்டார் நின்றது. பிளக்கில் தண்ணீர். எத்தனை உதைத்தும் பலிக்கவில்லை. ஆர்தர் அண்ணன் தன் வெள்ளை யூனிபார்ம் சட்டையைக் கழற்றி, உள்பக்கம் காய்ந்திருந்த இடத்தால் பிளக்கைத் துடைத்தார். பொத்தான் ஒன்று போனால் தூங்காத மனுஷன் அதைக் கரியும் எண்ணெயுமாக்கி மறுபடி மாட்டிக்கொண்டார்.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் நான் ஒரு யோசனை சொன்னேன். பழைய ஸ்டாக், ஆபீஸில் திரும்பக் கேட்கிறார்கள் என்று சொல்லி மாத்திரையை வாங்கிக்கொள்ளலாம், டாம் பற்றி மூச்சுவிட வேண்டாம் என்றேன்.

"புள்ள முழுங்கியிருந்தா?" என்றார் அவர். "டாக்டருக்கு என்ன மாத்திரைன்னு தெரியணும்லா."

சுங்கை பட்டாணி பஸ் நிலையத்தில் விசாரித்தோம். செமிலிங்குக்குப் போகிற பிடோங் பஸ் கிளம்பி ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. நாங்கள் பிடோங்கிலும் நிற்கவில்லை. நாலு மணிக்குச் செமிலிங்கில், செல்லாயி அடையாளம் சொன்ன சீனர் கடைக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டு வாசலில் மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடினோம்.

ராக்காயி அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, கேட்பதற்கு முன்பே, எனக்குக் காய்ச்சல்தான், இப்போதுதான் விட்டது என்றாள். டிரெசர் அனுப்பிப் பிடிக்க வந்திருக்கிறோம் என்று நினைத்தாள். ஆர்தர் அண்ணன் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தார். பாயில் பிள்ளை படுத்திருந்தான். பக்கத்தில் மருதம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள்.

"சத்தம் போடாதீங்கண்ணே" என்றாள் மருதம்மாள். "நேத்திலேர்ந்து ஒரே அழுகை. அம்மா கொண்டாந்த மாத்திரை நல்ல மாத்திரை. குடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகல, எப்படித் தூங்குறான் பாருங்க."

ஆர்தர் அண்ணன் முட்டி போட்டார். பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். கூப்பிட்டார். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. உதட்டை மட்டும் அசைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

எத்தனை கொடுத்தாய் என்று கேட்டார். கோடு இருந்ததால் சுலபமாக உடைந்தது, பாதிதான் கொடுத்தேன், விளக்கு வைக்கும்போது ஒன்று முழுசாகக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன் என்றாள். காகிதத்தைப் பிரித்து எண்ணினார். பதினொன்றும் ஒரு பாதியும். மறுபடி எண்ணினார். மூன்றாம் தடவையும் எண்ணினார்.

பிறகு எழுந்து, மருதம்மாளைப் பார்த்துச் சொன்னார். "இது காய்ச்சல் மாத்திரை இல்லம்மா. வலிப்புக்குக் குடுக்குறது. தப்பு நடந்துபோச்சு. புள்ளையத் தூக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அவள் போட்ட கூச்சலில் சீனர் கடை முதலாளி ஓடிவந்து, எதுவும் கேட்காமல் தன் காரை எடுத்தார். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஆர்தர் அண்ணன் வழி நெடுக அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே போனார் என்று ராக்காயி பிறகு சொன்னாள். மூச்சு விரலில் படுகிற ஒவ்வொரு தடவையும் தலையாட்டினாராம். நான் பின்னால் மோட்டாரில் போனேன். என் வாழ்க்கையில் யாரிடமும் பேசாமல் நான் கடந்த ஒரே பத்து மைல் அது.

சுங்கை பட்டாணி பெரிய ஆஸ்பத்திரியில் இளவயது மலாய் டாக்டர் ஒருவர் இருந்தார். ஆர்தர் அண்ணன் மாத்திரையின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லி, மீதியை மேசையில் வைத்தார். டாக்டர் பிள்ளையின் கண்ணை விரித்துப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்தார், எடை போட்டார். அந்த நேரத்தில் நாங்கள் நாலு பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். ராக்காயி வாயில் முந்தானையை அடைத்திருந்தாள்.

அரை மாத்திரைதான், தூங்குவான், எழுந்துவிடுவான் என்றார் டாக்டர். இதையே சாயங்காலம் ஒன்று, காலையில் ஒன்று என்று கொடுத்துக்கொண்டே போயிருந்தால் நான் உங்களிடம் வேறு மாதிரிப் பேசிக்கொண்டிருப்பேன் என்றும் சொன்னார். விடியும்வரை இங்கேயே இருக்கட்டும் என்றார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு, இது அதில் எப்படிக் கலந்தது என்று கேட்டார்.

ஆர்தர் அண்ணன் ஓர் அடி முன்னால் வந்தார். "கீத்தா மாயின் டாம், துவான்" என்றார். நாங்கள் டாம் விளையாடினோம் ஐயா என்று. காய் இல்லாததால் மாத்திரையை வைத்து ஆடினோம் என்று மலாயில் முழுக்கச் சொன்னார். மருந்தை யார் மாற்றிப் போட்டது என்று டாக்டர் கேட்டார்.

நான் அவருக்கு அரை அடி தள்ளி நின்றேன். எஸ்டேட்டிலேயே பெரிய வாய் என் வாய். அது திறக்கவில்லை.

"சாயா" என்றார் ஆர்தர் அண்ணன். நான்தான் என்று. டாக்டர் எழுதிக்கொண்டார்.

ஆறு மணிக்குப் பிள்ளை கண்ணைத் திறந்து, புதிய இடத்தைப் பார்த்து, ஆஸ்பத்திரிக் கூரை பறக்கிற மாதிரி அழுதான். மருதம்மாளும் சேர்ந்து அழுதாள். ஆர்தர் அண்ணன் வெளியே ஓடிப்போய்ச் சாக்கடையில் வாந்தி எடுத்தார்.

மறுநாள் காலையில் பரஞ்சோதி ஐயாவிடம் அவரே போய்ச் சொன்னார். அன்றைக்கே அவரை மருந்து அறையிலிருந்து எடுத்துப் புல்வெட்டுக்குப் போட்டார்கள். அதன்பிறகு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம் வந்தது, முதல் மாத்திரையை டிரெசர் கண் முன்னாலேயே விழுங்க வேண்டும் என்று. லீவுக்காக வயிற்றுவலி என்று வந்தவன் எல்லாம் பேதி மாத்திரையை விழுங்கிவிட்டு மெய்யாகவே லீவு எடுத்தான். ஆர்தர் அண்ணன் வெயிலில் கறுத்துப் போனார். டாம் ஆடலாமா என்று ஒருநாள் கேட்டேன். கட்டத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்றார்.

ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு, லூனாஸ் மாதா கோயிலில் பூசை முடிந்ததும், மூன்று பஸ் மாறிச் செமிலிங்குக்குப் போவார். பிள்ளை ஓடுகிறானா, பேசுகிறானா, பந்து போட்டால் பிடிக்கிறானா என்று பார்ப்பார். பந்தைத் தவறவிட்டால் முகம் வெளுத்துவிடும். பல் விழுந்ததற்கு ஒரு வாரம் பயந்தார். எல்லாப் பிள்ளைக்கும் விழும் அண்ணே என்று நான் சத்தியம் பண்ண வேண்டியிருந்தது.

1981 கடைசியில் ஒருநாள் என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தார். முகம் அன்றைக்கு மூடா பாலத்தில் இருந்த முகம்.

"கணக்குல பதினேழு மார்க் வாங்கியிருக்கான், அம்மாசி. மொதலாங்கிளாஸ்ல. அந்த அரை மாத்திரைதான். மூளைக்குப் போயிருச்சு."

"அண்ணே, ரெண்டாங்கிளாஸ்ல நான் வாங்குனது எட்டு" என்றேன். "எனக்கு யாரு மாத்திரை குடுத்தா?"

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் நான் நாலு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"ரெண்டாங்கிளாஸோட நின்னுட்டேன். இங்கிலீசு ஒரு எழுத்து தெரியாது. பாட்டில்ல எழுதியிருந்தது எனக்குப் படிக்க வரல. தெரியும்னு உங்ககிட்ட சும்மா அளந்தேன். டாக்டர் கேட்டப்ப நான்தான் சொல்லியிருக்கணும்."

ஆர்தர் அண்ணன் செருப்பால் மண்ணைக் கீறினார். "ஆஸ்பத்திரியிலயே உன் மூஞ்சியப் பார்த்துத் தெரிஞ்சிக்கிட்டேன்லா" என்றார். "மருந்து மேசையில பலகைய விரிச்சது யாரு?"

அவர் எழுந்தார், இரண்டு அடி போனார், திரும்பி வந்தார்.

"நெசமாவே எட்டுதானா?"

எட்டுதான் என்றேன். வேண்டுமானால் வாத்தியாரைக் கேளுங்கள் என்றேன். முகம் கொஞ்சம் தெளிந்தது. வீட்டுக்குப் போய் அன்றைக்கு மீன் குழம்பு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார் என்று கேதரின் அக்கா சொன்னார்.

என்றாலும் அடுத்த மாதமும் மூன்று பஸ் மாறிச் செமிலிங் போனார். பையன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தானாம். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, அது போதாமல் தோளை உலுக்கி எழுப்பியும் விட்டார். மருதம்மாள் திட்டித் தீர்த்தாள். பையன் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கி, இவர் முகத்தைப் பார்த்து, மாமா மறுபடியும் வந்துட்டாரும்மா என்று சலித்துக்கொண்டானாம். அதைக் கேட்ட பிறகுதான் ஆர்தர் அண்ணன் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.